சலவைக்கூடத்து நாக்கு

தீவுக் கடற்கரை விடுதியின் பின்புறத்தில் இரண்டு கட்டடங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. ஒன்றில் கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம் இருந்தது. மற்றொன்று சலவைக்கூடம். இரண்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். அந்தத் தீவில், இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட தண்ணீர்க்காரர் மனதார வெறுத்த பொருள் ஒன்று உண்டென்றால் அது அந்தச் சுவர்தான். சுவர் பாவம், அது ஒரு குற்றமும் செய்யவில்லை. அந்தப் பக்கத்துச் சிரிப்பை இந்தப் பக்கம் சேர்ப்பித்தது, அவ்வளவே.

இயந்திர அறையின் இரைச்சலில் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் காதில் விழாது. இருந்தும் அவருடைய மனைவியின் சிரிப்பு மட்டும் எப்படியோ அவரைத் தேடி வந்துவிடும். முதலில் யாரோ ஏதோ சொல்வார்கள். பிறகு நான்கைந்து பேர் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு, எல்லோரும் ஓய்ந்த பின், அவள் ஒருத்தி மட்டும் அடக்க முடியாமல் மறுபடியும் சிரிப்பாள். திருமணமான இத்தனை வருடங்களில் அவரோடு பேசி அவள் அப்படி இரண்டாம் முறை சிரித்ததாக அவருக்கு நினைவில்லை.

சென்ற மழைக்காலத்தின் முடிவில்தான் இருவரும் அந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர் தொழிற்கல்லூரியில் படித்தவர். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்குக் கிடைத்தது. பணியாளர் குடியிருப்பின் கடைசியில் ஓர் அறையும் ஒரு சமையலறையும் கொடுத்தார்கள். வந்த புதிதில் அவள் மாலையானால் படகுத்துறைக்குப் போய், எதிர்க்கரைக்குத் திரும்பும் படகுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வீட்டுக்கு வந்ததும் அழுவாள்.

"இங்க யாரையுமே தெரியலீங்க. பேசக்கூட ஒரு ஆள் இல்ல."

"நான் இருக்கேன்ல?" என்பார் அவர். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் தோளில் சாய்வாள்.

வெளியில் சொல்வது நாகரிகமாக இராது என்பதால் அவர் இதை எவரிடமும் சொன்னதில்லை: அந்த அழுகை நாட்களில்தான் அவர் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தார். உலகத்தில் அவளுக்கு அவர் ஒருவரே என்னும் நிலைமை ஒரு மனிதருக்கு எத்தனை முறை வாய்க்கும்?

ஆனால் அவள் நாளுக்கு நாள் வாடுவதைப் பார்த்து, சலவைக்கூடத்தில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும், அவளைக் கையோடு அழைத்துப்போய் அங்கே விட்டவரும் அவர்தான். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறோம் என்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது.

அந்தச் சலவைக்கூடத்தின் வேலை முறையைச் சற்றுச் சொல்ல வேண்டும். தீவில் நல்ல தண்ணீர் அருமை. ஆகவே படுக்கை விரிப்புகளை முதலில் உவர்க்கிணற்றுத் தண்ணீரில் துவைப்பார்கள். கடைசியாக ஒரு முறை மட்டும், சிமெண்டுத் தொட்டியில், தண்ணீர்க்காரரின் இயந்திரம் தரும் நல்ல தண்ணீரில் அலசுவார்கள். அந்த அலசலில் உப்பு முழுவதும் போய்விட வேண்டும். கொஞ்சம் தங்கினாலும், வெயிலில் மொரமொரவென்று காய்ந்த விரிப்பு பொழுது சாய்ந்ததும் கடற்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும். படுப்பவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். உப்புப் போய்விட்டதா என்று அறிய அவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றே. ஈர விரிப்பின் மூலையை நாக்கில் வைத்துப் பார்ப்பது.

சலவைக்கூடத்தின் தலைவியைப் பெரியக்கா என்பார்கள். பருத்த உடம்பும், அதைவிடச் சுற்றளவு கூடிய குரலும் உடையவர். முதல் நாளே அவர் புதியவளின் வாய்க்கு நேராக ஒரு மூலையை நீட்டினார்.

"எங்க நாக்கெல்லாம் சோப்புலயும் ஆவியிலயும் செத்துப் போச்சும்மா. கொஞ்சம் பாத்துச் சொல்லு."

அவள் தயங்கித் தயங்கி நுனி நாக்கால் தொட்டாள். "இன்னும் கரிக்குது அக்கா."

மறுபடி அலசினார்கள். "இப்போ?"

"இப்போ சரி."

அன்று மாலை காய்ந்த விரிப்பைப் பெரியக்கா கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிசுபிசுக்கவே இல்லை. அடுத்த வாரத்துக்குள் அவளுக்கு நாக்கு என்றே பெயர் விழுந்துவிட்டது. சாயங்காலம் கணவனும் மனைவியும் வீட்டுக்கு நடக்கும்போது பின்னாலிருந்து குரல் வரும்: "அடியே நாக்கு! நாளைக்கு சீக்கிரம் வந்து சேரு!"

"என்ன அசிங்கமான பேரு அது?" என்று ஒரு நாள் தண்ணீர்க்காரர் கேட்டார்.

"அசிங்கமா? பெரியக்கா வெச்சதுங்க. அவங்க எல்லாருக்கும் பேரு வெச்சுட மாட்டாங்க."

"எனக்கு என்ன பேரு வெச்சிருக்காங்க?"

அவள் யோசித்தாள். "உங்களுக்கா? சார்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன வேணும்? மரியாதை தானே?"

மரியாதைதான். அந்த மரியாதை அவருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

பொறாமைப்படும் ஆண் முதலில் இன்னோர் ஆணைத்தான் தேடுவான். அவரும் தேடினார். சலவைக்கூடத்தில் ஆண் என்று ஒரே ஒருவர், இஸ்திரிக்காரர், இருந்தார். கசங்காத சட்டை ஒன்றை வேண்டுமென்றே கசக்கி எடுத்துக்கொண்டு தண்ணீர்க்காரர் அவரைப் பார்க்கப் போனார். இஸ்திரிக்காரர் பேரன் பேத்தி எடுத்தவர். வேலை நேரத்தில் பல்செட்டைக் கழற்றி ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டு வைத்திருப்பவர். தண்ணீர்க்காரருக்குப் பெரிய ஏமாற்றமாகிவிட்டது. வாட்டசாட்டமான ஒருவன் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஒரு சலவைக்கூடத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

சட்டையோடு திரும்பும்போது மடிப்பறையின் ஜன்னல் வழியாக அவர் பார்த்தார். அவர் மனைவியும், நெட்டை என்று அழைக்கப்பட்ட உயரமான பெண்ணும் ஒரு பெரிய விரிப்பை ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் விலகி நின்று விரிப்பை உதறினார்கள். பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். மூலைகள் சேரும் இடத்தில் நெற்றியோடு நெற்றி இடிக்கும் நெருக்கத்தில் நெட்டை ஏதோ சொன்னாள். விரிப்பு முழுவதும் குலுங்கும்படி அவர் மனைவி சிரித்தாள்.

"இன்னைக்கு என்ன அப்படி ஒரு சிரிப்பு?" என்று வீட்டில் கேட்டார்.

"அது சொன்னா உங்களுக்குச் சிரிப்பு வராதுங்க. அங்க இருந்திருக்கணும்."

அங்கே இருந்திருக்க வேண்டும்! சுவருக்கு இந்தப் பக்கம், மூன்று முழத் தூரத்தில், அவர் இருக்கத்தான் இருந்தார்.

இவ்வளவையும் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமற்போனது அந்த ஞாயிற்றுக்கிழமை விவகாரம். அவளைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று அவர் கெஞ்சிக் கூத்தாடி விடுமுறை வாங்கி, படகில் இடமும் சொல்லி வைத்துவிட்டு வந்தார். அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்து வாசலிலேயே சொன்னார். அவள் கையைப் பிசைந்தாள்.

"இந்த வாரம் வேணாங்க. நெட்டை வீட்டுல கூரை மாத்தறாங்க. எல்லாரும் போறோம்."

"உங்க அம்மாவைவிடக் கூரை முக்கியமா?"

"அம்மா எங்கயும் போயிட மாட்டாங்க. கூரையப் பிரிச்சப்புறம் மழை வந்தா?" என்றவள், ஏதோ நினைவு வந்தாற்போல, "நீங்களும் வாங்களேன்" என்றாள்.

அந்த 'வாங்களேன்' அவருக்குப் பிடிக்கவில்லை. வாசலில் நிற்கும் விருந்தாளியைப் போகிற போக்கில் சாப்பிடக் கூப்பிடுவது போல் இருந்தது. போகவில்லை. அன்று முழுவதும் அறையில் தனியாக உட்கார்ந்து, காற்றில் வரும் சுத்தியல் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் மாலையில் தலையெல்லாம் தூசியுடன், சந்தோஷமாக வந்தாள். அவள் தலையிலிருந்து ஒரு துரும்பை எடுத்துப் போட்டபோதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. அவளை அவர்கள் சேர்த்துக்கொண்டது எதனால்? நாக்கினால். நாக்கு தவறிவிட்டால்?

இயந்திர அறையில், அவர் பக்கத்துச் சுவரில், சலவைக்கூடத்துக்குப் போகும் நல்ல தண்ணீர்க் குழாயையும் உவர்க்கிணற்றுக் குழாயையும் இணைக்கும் வால்வு ஒன்று இருந்தது. இயந்திரம் பழுதானால் மட்டும் திறப்பதற்கு உரியது. அதை ஒரேயடியாகத் திறந்தால் அவள் அந்த நொடியே கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு மயிரிழை திறந்தால்? நாக்கு பழகிப்போகும் உறுப்பு. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியாது. கூடவே வீட்டிலும் கொஞ்சம் பழக்கிவிட்டால் இன்னும் நல்லது.

"நாளையிலேருந்து ராத்திரிச் சமையல் என் பொறுப்பு" என்று அறிவித்தார்.

அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "உடம்பு சரியில்லையா?"

"நீயும்தான் வேலைக்குப் போற. நான் கூடமாட செய்யக் கூடாதா?"

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. ஆனாலும் மறுநாள் காலையில் வால்வை ஒரு மயிரிழை திறந்தார்; இரவில் குழம்பில் ஒரு சிட்டிகை உப்பு கூடுதலாகப் போட்டார். அதற்கு மறுநாள் இன்னொரு மயிரிழை, இன்னொரு சிட்டிகை. தோட்டக்காரர் நாற்றுக்குத் தண்ணீர் விடுவதைப்போல அவ்வளவு பொறுமையாகச் செய்தார்.

நடுவில் அவர் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. அவள் சலவைக்கூடத்தில் அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறாள். ஒரு பகலில் சுவர் வழியாகப் பெரியக்காவின் குரல் இடித்துக்கொண்டு வந்தது:

"சார்! எங்க வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் சமையல் சொல்லிக் குடுங்க! அந்த ஆளுக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் முதன்முறையாக அவருக்கும் ஒரு பங்கு இருந்தது. அவருக்கு உச்சி குளிர்ந்தது. பதிலுக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வேண்டும் என்று தவித்து, ஒன்றும் தோன்றாமல், "ரொம்ப நன்றிங்க!" என்று கத்தினார். அதற்கும் சிரித்தார்கள். அன்றைக்காவது அவர் வால்வை மூடியிருக்கலாம். கை போகவில்லை. பங்கு கிடைத்த பின்புதான், முழுவதும் தனக்கே வேண்டும் என்ற ஆசை இன்னும் கூடியது.

"இன்னைக்குப் பெரியக்கா கொண்டு வந்த சாப்பாட்டுல உப்பே இல்லீங்க" என்று அவள் ஒரு நாள் சொன்னாள். "நீங்க செய்யறது மாதிரி வராது."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

வினை மூன்றாம் வாரத்தில் பலித்தது. விடுதியில் தங்கியிருந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். படுக்கை ஈரமாக இருக்கிறது என்றார் ஒருவர். ஓர் அம்மையார் மேலாளரின் மேசை முன்னால் நின்று, சங்கோசப்படாமல் முழங்கையைத் தூக்கித் தடிப்பைக் காட்டினார். இயந்திரத்தை நிறுத்தியிருந்த நேரமாதலால், மேலாளர் சலவைக்கூடத்துக்குள் வந்து பேசிய ஒவ்வொரு சொல்லும் சுவரின் இந்தப் பக்கம் கேட்டது.

"உப்பு இருக்கான்னு பாக்கறது யார் வேலை?"

"நான்தான் சார்." அது அவர் மனைவியின் குரல்.

"புது ஆளா? நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்மா."

"அலசுன கை எங்க எல்லாருடையதும்தான் சார்," என்றது பெரியக்காவின் குரல். "அனுப்பறதுன்னா எல்லாரையும் அனுப்புங்க."

"நான் உங்ககிட்ட யோசனை கேக்கலை."

கதவு சாத்தும் ஓசை கேட்டது. பிறகு, அந்தச் சுவர் அறிந்த வரையில் முதன்முறையாக, அந்தப் பக்கம் அமைதியாக இருந்தது. தண்ணீர்க்காரர் வால்வை இறுக மூடினார். இனி அது திறந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அன்று மாலை அவள் வீட்டு மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் அவர் நினைத்தபடியே நடந்திருந்தது. அவள் அருகில் உட்கார்ந்து, பழைய குரலை வரவழைத்துக்கொண்டு, "விடு. நான் இருக்கேன்ல?" என்றார்.

அவள் சாயவில்லை. "நீங்க இருக்கீங்க" என்றாள், எங்கேயோ பார்த்துக்கொண்டு. பிறகு உடைந்து அழுதாள். "நெட்டைக்கு இனிமே யாருங்க எதிர் மூலை புடிப்பா? பெரியக்கா எனக்காகப் பேசி மேனேஜர்கிட்டப் பேச்சு வாங்கினாங்க. என் நாக்கு ஏங்க இப்படிப் பண்ணுச்சு?"

அந்தக் கண்ணீரில் அவருக்கென்று ஒரு சொட்டுகூட இல்லை என்பது அவருக்கு விளங்கியது. வந்த புதிதில் அவள் அழுதது ஆள் இல்லாத அழுகை. இது ஆட்களை இழந்த அழுகை. அவளைத் தம்மிடம் திருப்பிக் கொண்டுவந்ததாக நினைத்தார். வந்தது உடம்பு மட்டும்தான், மனம் சுவருக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டது.

அந்த நேரத்தில் வாசலில் செருப்புகள் கழலும் ஓசை கேட்டது. பெரியக்கா, நெட்டை, இஸ்திரிக்காரர் மூவரும் நின்றிருந்தார்கள். இஸ்திரிக்காரர் மரியாதைக்காகப் பல்செட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்த வீட்டுக்குள் வெளியார் நுழைவது அதுவே முதல் முறை. உட்காரச் சொல்வதற்குள் மூவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சின்ன அறை நிரம்பிவிட்டது.

"அழுது முடிச்சாச்சா, இன்னும் பாக்கி இருக்கா?" என்று பெரியக்கா கேட்டார். "நாளைக்குக் காலைல எல்லாரும் மேனேஜர்கிட்டப் போறோம். நாக்கு இல்லாம நாங்க தொட்டியில கை வெக்க மாட்டோம்."

"ஐயோ, உங்க வேலைக்கு ஏதாவது ஆயிடப் போகுது" என்று தண்ணீர்க்காரர் பதறினார். பதற்றம் உண்மைதான், காரணம் வேறு.

"ஆனா ஆகட்டும் சார். அப்புறம் அந்த மேனேஜரே தொட்டியில இறங்கட்டும்" என்றாள் நெட்டை. "அவரு தொப்பைக்குத் தண்ணி கம்மியாவே போதும்."

அவர் மனைவி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வந்தது வந்தீங்க, ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகணும். இவரு செஞ்சது" என்றாள். அந்த நிலைமையிலும் அவள் குரலில் பெருமை தெரிந்தது.

தட்டுகள் வந்தன. எல்லோரும் சாப்பிடத் தொடங்கினார்கள். முதல் கவளத்திலேயே இஸ்திரிக்காரருக்குப் புரையேறியது. நெட்டை மென்றதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கூரையைப் பார்த்தாள். பெரியக்கா மட்டும் விருந்தாளிக்குரிய பண்போடு விழுங்கி, ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே குடித்து முடித்தார்.

"கடல் பக்கத்துல இருக்குன்னு தெரியும் தம்பி," என்றார். "தட்டுக்குள்ளயே வந்துடும்னு தெரியாது."

"ஏன் அக்கா? நல்லாத்தானே இருக்கு?" என்றாள் அவர் மனைவி, இன்னொரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு.

"ஆமா, சரியாத்தானே இருக்கு?" என்றார் தண்ணீர்க்காரரும்.

அவர் அதை நடிப்பாகச் சொல்லவில்லை. மனப்பூர்வமாகவே சொன்னார். எல்லாவற்றையும் யோசித்தவர் ஒன்றை மட்டும் யோசிக்காமல் விட்டிருந்தார். அதே குழம்பை அவரும்தான் மூன்று வாரமாகத் தின்று வந்திருக்கிறார். அவளுடைய நாக்கைப் பழக்கிய சிட்டிகைகள் அவருடைய நாக்கையும் பழக்கிவிட்டன. சட்டியில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது.

மூவரும் கணவனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு பெரியக்கா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அட, இதுதானா சங்கதி! இந்தச் சமையலைத் தினம் சாப்பிட்டா எந்த நாக்குதான் உருப்படும்? நீ கெடலடி, உன்னைக் கெடுத்தது உன் வீட்டுக்காரர் கைப்பக்குவம்!"

எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர்க்காரரும் அசட்டுச் சிரிப்பாகச் சிரித்தார். தப்பிக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது. சமைக்கத் தெரியாத, அன்பான கணவர். அவ்வளவோடு கதை முடிந்திருக்கும். ஆனால் நெட்டை சிரித்து முடித்ததும் நெற்றியைச் சுருக்கினாள்.

"அது சரி அக்கா. சாப்பாட்டு உப்பு நாக்கைத்தானே கெடுக்கும்? துணிக்குள்ள எப்படிப் போச்சு? நாம எப்பவும் போலத்தானே அலசினோம்?"

"தண்ணியிலதான் இருந்திருக்கணும்," என்று அவர் மனைவி மெல்லச் சொன்னாள். உடனே தலையை ஆட்டிக்கொண்டாள். "ஆனா இல்ல அக்கா. இவரு குடுக்கற தண்ணி அப்படி இருக்காது. சாப்பாட்டுல வேணா கை தவறும். தண்ணி விஷயத்துல இவரு ரொம்ப கவனம்."

எத்தனையோ மாதமாக அவர் கேட்க ஏங்கிய பேச்சு அது. அவர்கள் எதிரில், அவர் பக்கம் நின்று, அவள் பேசுகிறாள். அவருக்குக் கையில் இருந்த சோறு கையிலேயே நின்றது.

"நான்தான்" என்றார்.

"என்னது?"

"கிணத்துத் தண்ணியத் திறந்து விட்டது நான்தான்."

"மறந்து திறந்துட்டீங்களா தம்பி?" என்று பெரியக்கா கேட்டார். அந்தக் கேள்வியில் அவர் தப்பிக்க ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

"இல்ல. தெரிஞ்சேதான். தினம் கொஞ்சம் கொஞ்சமா. குழம்புலயும் அப்படித்தான்."

"ஏன்?" என்றாள் அவர் மனைவி. அந்த ஒற்றைச் சொல்லுக்கு அவரிடம் மரியாதையான பதில் எதுவும் இல்லை. ஆகவே உள்ளது உள்ளபடியே வெளியில் வந்துவிட்டது.

"வீட்டுக்கு வந்தாலும் நீ அவங்களைப் பத்தித்தான் பேசற. அங்க ஒரு தரம் சிரிச்சுட்டு, மறுபடியும் சிரிக்கற. எனக்கு இந்த ஊர்ல யார் இருக்கா?"

முதலில் பேசியவர் இஸ்திரிக்காரர்.

"அட, பொறாமையா!" என்றார் அவர் நிம்மதியாக. "நான் ஏதோ பெரிய வியாதியோன்னு பயந்துட்டேன்."

"வியாதிதான், ஆனா ஊர் வியாதி" என்றார் பெரியக்கா. "நான் வேலைக்குச் சேந்த புதுசுல எங்க ஆளு தினம் காலைல என் செருப்புல ஒண்ணை ஒளிச்சு வெச்சிடுவாரு. ஒண்ணை மட்டும். எந்தப் பேய் ஒத்தைச் செருப்பைத் திருடும்? நான் வெறுங்காலோட போனேன்."

"எங்க வீட்டுக்காரருக்கு, நான் நேரங்கழிச்சு வர்றேன்னு சொன்னாலே வயித்து வலி வந்துடும்," என்றாள் நெட்டை. "ஒரு தடவை பொய் வலிக்கு நிஜ ஊசி போட்டுட்டு வந்து படுத்திருந்தாரு. ஆனா தண்ணியிலயே கை வெச்சவர் நீங்க ஒருத்தர்தான் சார். படிச்ச ஆளு இல்லையா!"

மூவரும் சிரித்தார்கள். அது அவரைத் தள்ளி வைக்கும் சிரிப்பாக இல்லை. ஆனால் அவர் மனைவி சிரிக்கவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். அவள் வாயைக் கொப்பளிக்கும் ஓசை கேட்டது. மறுபடி மறுபடி கேட்டது. நெட்டை எழுந்து பின்னாலேயே போனாள். இருவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். என்ன பேசுகிறார்கள் என்று அந்த நிலையிலும் அவர் காதைத் தீட்டிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. அப்போதும் சுருக்கென்றுதான் இருந்தது.

அவள் திரும்பி வந்து, அவரைப் பார்க்காமல், பெரியக்காவிடம் சொன்னாள். "நாளைக்கு மேனேஜர்கிட்ட நீங்க போக வேணாம் அக்கா. இவரு போவாரு."

மறுநாள் அவர் போனார். தண்ணீரில் உவர்நீர் கலந்தது இயந்திரத்தின் குற்றமா, உங்கள் குற்றமா என்று மேலாளர் கேட்டார். "என் குற்றம் சார்" என்றார். ஏன் என்று மேலாளர் கேட்கவில்லை. கவனக்குறைவு என்று தாமாகவே முடிவு செய்துகொண்டார். இன்னொரு முறை நடந்தால் அடுத்த படகில் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்றும், அந்த அம்மாளை உடனே வேலைக்கு வரச் சொல்லுமாறும், விடுதியின் விரிப்புகள் அத்தனையும் இன்றே மறுபடி அலசப்பட வேண்டும் என்றும் சொன்னார்.

செய்தியோடு சலவைக்கூடத்து வாசலில் போய் நின்றார். உள்ளே விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. மனைவி, முடிவு தெரிவதற்காக, தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அவள் வேலைக்கு வரலாமாம், விரிப்புகளை இன்றே அலச வேண்டுமாம் என்று சொல்லிவிட்டு அவர் திரும்பினார்.

"எங்க தம்பி கிளம்பிட்டீங்க?" என்றார் பெரியக்கா. "உப்புப் போட்டவங்க எடுக்க வேணாமா? கால்சட்டையை மடிச்சு விட்டுக்கிட்டு இறங்குங்க."

இயந்திரத்தை ஒரு முறை பார்த்துவிட்டு வந்து இறங்கினார். முழங்கால் வரை தண்ணீர் ஏறியது. ஈர விரிப்பு இவ்வளவு கனக்கும் என்று அவருக்குத் தெரியாது. முறுக்கத் தெரியவில்லை; நெட்டை எதிர் முனையைப் பிடித்து முறுக்கியபோது அவரே ஒரு சுற்றுச் சுற்றினார். இஸ்திரிக்காரர் குவளையிலிருந்த பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு சிரித்துவிட்டு மறுபடி கழற்றி வைத்தார்.

தண்ணீர்க்காரர் முதல் விரிப்பை அலசி மூலையை நீட்டினார். பெரியக்கா வாங்கி, வழக்கம்போல, அவர் மனைவியின் வாய்க்கு நேராகப் பிடித்தார். அவளுடைய நாக்கு இன்னும் தேறியிருக்காது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். சில நாள் உப்பில்லாமல் தின்றால்தான் திரும்பும் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள்.

"என் அறையில உப்புப் பாக்கற மீட்டர் இருக்கு," என்றார் அவர் தயக்கத்தோடு. "கொண்டு வரட்டுமா?"

"நாக்கு இருக்கும்போது மீட்டர் எதுக்கு?" என்று பெரியக்கா அதட்டினார்.

அவர் மனைவி மூலையை நுனி நாக்கில் வைத்தாள். கண்ணை மூடி யோசித்தாள். "இன்னும் கரிக்குது" என்றாள்.

அவர் மறுபடி அலசினார்.

"இன்னும்."

மூன்றாவது முறை அலசியபோது, ஒருவரும் பார்க்காத நேரத்தில், அவரும் ஒரு மூலையை நாக்கில் வைத்துப் பார்த்தார். ஈரத் துணியின் குளிர்ச்சி தெரிந்தது. உப்பு இருக்கிறதா, போய்விட்டதா, அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் உண்மையைத்தான் சொல்கிறாளா, தண்டிக்கிறாளா என்பதும் தெரியவில்லை. நிமிர்ந்தபோது அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையை நீட்டினார்.

"இன்னும் கரிக்குது" என்றாள்.

நெட்டை குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், முடியாமல் சிரித்துவிட்டாள். பின்பு, எல்லோரும் ஓய்ந்த பின், இரண்டாம் முறையும் சிரித்தாள். அவருக்கு நெஞ்சுக்குள் யாரோ நகத்தால் கீறியது போல் இருந்தது.

"என்ன? என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"தம்பி," என்றார் பெரியக்கா, "கையை நிறுத்தாம அலசுங்க."

அவர் விரிப்பைத் தண்ணீருக்குள் அமுக்கினார்.